அடைசல் ஒழித்தல்: மூன்று தலைமுறை வாழும் வீட்டுக்கு ஒரு வழிமுறை

பழையதைக் கழிப்பதற்கென்று நம்மிடம் ஒரு நாளே இருக்கிறது. வீடுகள் அடைசலாகக் கிடப்பதற்கு அந்த நாளும் ஒரு காரணம் என்று நான் சொன்னால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். மார்கழியின் கடைசி நாளான போகி, ஜனவரி 13 அல்லது 14-இல் வருகிறது. அதற்கு முந்தைய வாரம் வரை யாரும் எதையும் தொடுவதில்லை. பிறகு வெள்ளையடிக்க ஆள் வந்துவிட்டார் என்ற அவசரத்தில், கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், உடைந்த முறம் என நாலு பொருள்கள் வாசலுக்குப் போகின்றன. மற்றவையெல்லாம் மூட்டையாகக் கட்டப்பட்டுப் பரணில் ஏறுகின்றன. ஏறியவை இறங்குவதில்லை.

ஆகவே போகியை வேலை தொடங்கும் நாளாகக் கொள்ளாமல் முடிக்கும் நாளாகக் கொள்வது நல்லது. கார்த்திகை தீபம் முடிந்த கையோடு தொடங்கினால் நான்கிலிருந்து எட்டு வாரங்கள் வரை கிடைக்கும். வடகிழக்குப் பருவமழையும் அதற்குள் ஓயத் தொடங்கியிருக்கும் என்பதால் துணிமணிகளைக் காற்றாட வைக்க வெயிலும் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் போதும். ஒரு தடவைக்கு ஓர் அலமாரித் தட்டு அல்லது ஒரு பெட்டி என்று அளவு வைத்துக்கொள்ள வேண்டும். உற்சாகத்தில் ஓர் அறையையே காலிசெய்து கூடத்தில் கொட்டிவிட்டால், இரவு பாய் போட இடமில்லாமல் போய், கொட்டியதையெல்லாம் அப்படியே அள்ளி உள்ளே திணிப்பதில்தான் அந்த நாள் முடியும்.

யாருடைய பொருள்?

கூட்டாக வாழும் வீட்டில் அடைசல் சேர்வதற்குச் சோம்பலைக் காரணம் சொல்வது எளிது. நான் பார்த்த வரையில், பெரும்பாலான பொருள்கள் அங்கேயே கிடப்பதற்குக் காரணம், அவற்றை வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பது தெளிவாகாமல் இருப்பதுதான். மாமியார் காலத்து உருளியை மருமகள் எடுத்துக் கொடுத்துவிட முடியாது. வெளிநாட்டுக்குப் போய்விட்ட மகனின் கல்லூரிப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் போட அப்பாவுக்கு மனம் வராது. அந்த மகனோ அப்படி ஒரு பெட்டி இருப்பதையே மறந்திருப்பான். எனவே எதையும் தூக்கிப் போடுவதற்கு முன், ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வோர் அலமாரிக்கும் பெட்டிக்கும் உரியவர் யார் என்று எழுத வேண்டும். உரியவர் வீட்டில் இருந்தால் அவர் முன்னிலையில் மட்டுமே அதைத் திறக்க வேண்டும். வெளியூரில் இருந்தால் படமெடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, இன்ன தேதிக்குள் பதில் வேண்டும் என்று கேட்க வேண்டும். இறந்தவருடையது என்றால் உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் அனைவரையும் கேட்டாக வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் அந்தக் குறை பல வருடத்துக்குப் பேசப்படும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் தாயார் ஊருக்குப் போயிருந்த ஒரு வாரத்தில் சமையலறையை ஒழித்துவைக்கிறேன் என்று கிளம்பி, நசுங்கிப்போயிருந்த எவர்சில்வர் தம்ளர்கள் ஒரு டஜனைப் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டு, மேலே கொஞ்சம் பணம் கொடுத்து இரண்டு புதிய டப்பாக்கள் வாங்கி வந்தேன். திரும்பி வந்தவர் டப்பாக்களைப் பார்த்தார். “அதுல ஒண்ணுல எங்க அண்ணன் பேரு வெட்டியிருக்குமே, பாத்தியாப்பா?” என்று மட்டும் கேட்டார். நான் பார்க்கவில்லை. அவருடைய கல்யாணத்துக்கு என் மாமா வைத்த சீர் அது; விளிம்புக்குக் கீழே புள்ளிபுள்ளியாகப் பெயரும் தேதியும் வெட்டியிருந்ததாம். மறுநாள் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். பழைய சரக்கு முதல்நாள் மாலையே போய்விட்டிருந்தது. அன்று முதல், எந்தப் பாத்திரத்தையும் கொடுப்பதற்கு முன் விளிம்பையும் அடிப்பக்கத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பெயர் இருந்தால் அதைத் தனியே எடுத்து வைக்கிறேன்.

யாரும் சொந்தம் கொண்டாடாதவை முதலில்

முதல் வாரத்தில் பரணையும் தொடக்கூடாது, புகைப்பட ஆல்பங்களையும் தொடக்கூடாது. ஆல்பத்தைத் திறந்தால் அன்றைய இரண்டு மணி நேரமும் போயிற்று. யாருக்கும் பற்றில்லாத பொருள்களிலிருந்து தொடங்கினால் கை பழகும். வீட்டில் மற்றவர்களுக்கும் நம்பிக்கை வரும்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் கவர்களுக்குள் கவர் திணித்த அந்தப் பெரிய பையை முதலில் இறக்கலாம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகள் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை; அதற்கு முன்பு சேர்த்தவை சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன, எடுத்தால் செதிள்செதிளாகக் கையில் உதிர்கின்றன. கல்யாண வீடுகளில் கிடைத்த துணித் தாம்பூலப் பைகளில் உறுதியான பத்தை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். ஓட்டல் பார்சல் டப்பாக்களை மூடியோடு பொருத்திப் பார்த்து, ஜோடி சேராதவற்றைக் கழிக்க வேண்டும். சாவியில்லாத பூட்டுகள், பூட்டில்லாத சாவிகள் ஆகியவற்றை ஒரு தட்டில் கொட்டிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால், ஒரு மாலைப் பொழுதில் அவர்களே பொருத்திப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

மருந்து டப்பாவைப் பெரியவர் ஒருவர்தான் பார்க்க வேண்டும். காலாவதித் தேதியைப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது: கண் சொட்டு மருந்தைத் திறந்து ஏறத்தாழ நான்கு வாரத்துக்குமேல் பயன்படுத்தக் கூடாது என்பது வழக்கம், தேதி வெட்டுப்பட்டுப் போன அரை அட்டை மாத்திரைகளை ஊகத்தில் வைத்துக்கொள்ளவும் கூடாது. தற்போது சாப்பிட்டுவரும் மாத்திரைகளை ஆளுக்கொரு டப்பாவில் பெயர் எழுதிப் பிரித்துவிட்டால், தாத்தாவின் இரத்த அழுத்த மாத்திரையும் அம்மாவின் தைராய்டு மாத்திரையும் ஒன்றோடொன்று கலக்காது.

எந்த இடத்தை ஒழித்தாலும் மூன்று குவியல்கள் போதுமானவை: இருப்பது, போவது, கேட்க வேண்டியது. மூன்றாவது குவியல்தான் ஆபத்தானது. அதற்கு ஒரே ஒரு சாக்குதான் என்று வரையறுத்து, அதன்மேல் அன்றைய தேதியை எழுதி, கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட வேண்டும். கால் இடறும் இடத்தில் இருந்தால் பதில் தானாக வரும்.

சமையலறை

சமையலறையில் பொருள்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவை இருக்கும் உயரம்தான் தொல்லை தருகிறது. தினமும் எடுப்பவை இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட தட்டுகளில் இருக்க வேண்டும். அந்த உயரத்தை, அங்கே சமைப்பவர்களில் வயதிலும் உயரத்திலும் எட்டமாட்டாதவரை வைத்துத்தான் அளக்க வேண்டும். மகன் கை எட்டும் தட்டில் அம்மாவின் புளி டப்பாவை வைத்துவிட்டு, அவர் முக்காலியில் ஏறி விழுந்தபின் வருந்துவதில் பயனில்லை. மிக்ஸி, குக்கர் போன்ற கனமானவை மேடையிலோ இடுப்பளவிலோதான் இருக்க வேண்டும்.

பழைய பாத்திரங்களைப் பற்றி எனக்குத் திடமான கருத்து உண்டு. வெண்கலப் பானை, கல்சட்டி, இரும்பு தோசைக்கல், ஈயச்சொம்பு ஆகியவை இன்றும் சமைக்கத் தகுந்தவை; யாராவது அவற்றில் சமைக்கப் போகிறார்கள் என்றால் அவை பரணில் இருக்கக் கூடாது, கீழே அடுப்பின் அருகில் இருக்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயப்பூச்சு போயிருந்தால் புளி சேர்ந்த எதையும் அதில் செய்யக் கூடாது. பூசித் தருபவரைத் தேடிப்பிடித்துப் பூசிய பிறகே எடுக்க வேண்டும். ஈயச்சொம்பை எடுத்துக் கொடுக்கும்போது, அதைக் காலியாக அடுப்பில் வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். அது செய்யப்படும் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடுவது. உள்ளே ரசமோ தண்ணீரோ இருக்கும்வரைதான் சொம்பு சொம்பாக இருக்கும். தெரியாத புது மருமகள் கையில் பாட்டியின் சொம்பு அடுப்புக்கு மேலேயே ஒழுகிப்போன கதை எங்கள் சொந்தத்திலேயே இரண்டு உண்டு.

ஐம்பது பேருக்குச் சமைக்கும் அண்டா, குண்டான், ஜல்லிக்கரண்டி ஆகியவை வேறு வகை. வருடத்துக்கு ஒருமுறைகூட எடுக்காத அண்டாவுக்காகப் பரணில் பாதி இடத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் பாத்திர வாடகைக் கடை இருக்கிறது. ஊர்ப் பொதுவுக்கோ கோவில் மடைப்பள்ளிக்கோ அதைக் கொடுத்தால், வீட்டுப் பெரியவர்களும் பெரும்பாலும் மறுப்பதில்லை. காயலான் கடை என்றால்தான் முகம் சுருங்கும்.

மளிகைச் சாமான்கள் இரட்டிப்பாவது கண்ணில் படாமல் இருப்பதால்தான். மூன்று பெருங்காய டப்பாக்களும் பாதிப்பாதி திறந்த இரண்டு ரவைப் பொட்டலங்களும் ஒரே வீட்டில் இருப்பது இப்படித்தான். ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு டப்பா, உபரிக்கு ஒரே ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டு, உபரித் தட்டைப் பார்த்த பிறகே மளிகைச் சீட்டு எழுத வேண்டும். புதிய பருப்பைப் பழைய பருப்பின்மேல் கொட்டக் கூடாது. அடியில் கிடக்கும் பழையதில் வண்டு வந்தால் புதியதும் அதோடு போகும்.

பீரோ

துணிகளில் பட்டுப்புடவையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் தவறு நடந்தால் திருத்த முடியாது. பிளாஸ்டிக் உறையில் பட்டைப் போட்டு வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். தோய்த்துக் கஞ்சி நீங்கிய பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, புடவைக்கு ஒன்றாகச் சுற்றி வைக்க வேண்டும். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் இருந்தால் ஜரிகை அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். அந்துருண்டை ஜரிகையில் பட்டால் கறுத்துவிடும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அதை வைக்காமல் இருப்பதே மேல், மிட்டாய் என்று எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் அபாயம் உண்டு. காய்ந்த வேப்பிலையோ வசம்போ சிறு துணியில் முடிந்து மூலையில் வைத்தால் போதும்.

மற்ற துணிகளில் கேள்வி ஒன்றுதான்: கடந்த பொங்கலிலிருந்து இந்தப் பொங்கலுக்குள் யாராவது உடுத்தினார்களா? இல்லை என்றால் கொடுக்கும் குவியலுக்குப் போக வேண்டும். கொடுப்பதைத் துவைத்து, பித்தான் தைத்து, மடித்துக் கொடுக்க வேண்டும். கிழிந்ததை அடுத்தவருக்குக் கொடுப்பது மரியாதை ஆகாது. அது கைப்பிடித் துணியாகவோ கால்மிதியாகவோ நம் வீட்டிலேயே கழியட்டும். நவராத்திரியில் வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துண்டுகள் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருப்பவை. அவற்றை ஒரே பையில் போட்டு, அடுத்த கொலுவுக்குக் கொடுப்பதற்கென்று எழுதிவிட்டால் விஷயம் முடிந்தது.

காகிதங்கள்

இந்த வேலைக்கு மட்டும் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். வீட்டில் வரவுசெலவு பார்க்கும் இருவராவது உட்கார வேண்டும். ஒருபோதும் கழிக்கக் கூடாதவை: தாய்ப் பத்திரம், கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீதுகள், பிறப்பு, இறப்பு, வாரிசுச் சான்றுகள், மதிப்பெண் பட்டியல்கள், காப்பீட்டுப் பத்திரங்கள். பதிவான பத்திரத்தின் சான்றிட்ட நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும் என்றாலும், கடன் கொடுக்கும் வங்கி மூலத்தைத்தான் கேட்கும். அது தொலைந்துவிட்டால் காவல் நிலையப் புகார், செய்தித்தாள் விளம்பரம் என்று அலைய நேரிடும். பழைய முத்திரைத்தாள்களை லேமினேஷன் செய்யக் கூடாது. பின்னால் பிரிக்கவும் முடியாது, சரிபார்க்கவும் சிரமம். ஒவ்வொரு சொத்துக்கும் ஒரு கோப்பு என்று பிரித்து, கோப்பின் முதல் பக்கத்தில் உள்ளே இருப்பவற்றின் பட்டியலை எழுதி, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து குடும்பத்தில் இருவரிடம் வைக்க வேண்டும்.

வருமான வரி தொடர்பானவற்றை நான் எட்டு ஆண்டுகள் வைத்திருக்கிறேன். மின்கட்டண ரசீதை ஓராண்டுக்கு மேல் வைத்திருக்கத் தேவையில்லை. வாரண்டி அட்டைகளில், பொருளே வீட்டில் இல்லாதவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வரும். மருத்துவக் கோப்பில் அறுவை சிகிச்சைக் குறிப்புகளும் அண்மைப் பரிசோதனை முடிவுகளும் இருந்தால் போதும். எக்ஸ்ரே படங்களைக் கழிப்பதற்கு முன் மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கூலியும் கிடைக்கலாம். அப்பாவின் பெட்டியில் மறந்துபோன வங்கிப் புத்தகமோ காகிதப் பங்குப் பத்திரமோ அகப்படுவது அபூர்வமல்ல. பத்தாண்டுகள் கோரப்படாத வங்கி வைப்புகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்பட்டாலும், உரியவரோ வாரிசோ வங்கியில் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். எந்த வங்கியில் இருக்கிறது என்று தேட, ரிசர்வ் வங்கி 2023-இல் தொடங்கிய உத்கம் இணையதளம் உதவும். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் ஈவுத்தொகை கோரப்படாத பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். அவற்றையும் விண்ணப்பித்து மீட்க வழி உண்டு.

சாமி படங்களும் பத்திரிகைகளும்

எதையும் துணிந்து கழிப்பவர்கூடத் தயங்கி நிற்கும் இடம் இது. பிள்ளையார் படம் போட்ட கல்யாணப் பத்திரிகைகள், முருகன் படத்துக்காகவே தேதி கிழித்து முடிந்தபின்னும் ஆணியில் தொங்கும் தினசரிக் காலண்டர் அட்டைகள், கண்ணாடி விரிசல்விட்ட பூஜை அறைப் படங்கள். இவற்றை அரசமரத்தடியில் வைத்துவிட்டு வருவது வழக்கமாக இருக்கிறது; மழையில் நனைந்து காலில் மிதிபடுவதைப் பார்த்தபின் எனக்கு அது சரியாகப் படவில்லை. சட்டத்தையும் கண்ணாடியையும் தனியே பிரித்துவிட்டு, படக் காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்துச் செடியின் தூரில் ஊற்றுகிறேன். பளபளப்புப் பூச்சுள்ள காகிதம் கரையாது. அவற்றைக் கட்டாகக் கட்டிப் பழைய பேப்பர் கடையில் கொடுக்கும்போது மேலே ஒரு வெள்ளைத்தாள் சுற்றித் தருகிறேன். பத்திரிகைகளில் குடும்பத்தாருடையவை மட்டும், தலைமுறைக்கு ஒரு பிரதியாக, ஆல்பத்துக்குள் போகட்டும்; உறவுமுறைகளையும் பெயர்களையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் ஆவணம் பல வீடுகளில் அது ஒன்றுதான்.

பரண்

கடைசி இரண்டு வாரங்களைப் பரணுக்கு ஒதுக்க வேண்டும். ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ள ஒருவர் ஏற வேண்டும். கையுறையும் டார்ச்சும் இல்லாமல் மூட்டைகளுக்கு நடுவே கையை விடக்கூடாது, தேள் இருக்கும். மேலே உட்கார்ந்து பிரிக்காமல், ஒவ்வொரு பெட்டியாகக் கீழே இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

இறங்கும் பொருள்களில், 2006-இல் தொடங்கிய அரசின் திட்டத்தில் வந்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியும், 2011-இல் தொடங்கிய திட்டத்தில் வந்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறிகளும் பல வீடுகளில் இருக்கும். ஓடுகின்ற மின்விசிறியை யாருக்காவது கொடுத்துவிடலாம். படக்குழாய்த் தொலைக்காட்சியின் கண்ணாடியில் காரீயம் இருப்பதால், அதை உடைக்கவோ குப்பைத் தொட்டியில் போடவோ கூடாது. பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடமே சேர்க்க வேண்டும். உப்பிப்போன கைப்பேசி பேட்டரிகளையும் அப்படியே, நசுக்காமல், துளைக்காமல் கொடுக்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே திரும்பக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். பித்தளை, செம்பு, இரும்பு ஆகியவற்றை வீட்டிலேயே வகைபிரித்துக் கொண்டுபோனால்தான் காயலான் கடையில் அதனதன் விலை கிடைக்கும். கலந்து கொடுத்தால் எல்லாம் இரும்பு விலைக்குப் போகும்.

எரிக்க வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு போகிக்கும் கேட்டுக்கொள்கிறது. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திருப்பிவிடப்பட்டன. சம்பிரதாயத்துக்கு நாலு வறட்டியும் ஒரு பழைய பாயும் போதாதா? டயரும் ரெக்ஸினும் எதற்கு?

பரணுக்குத் திரும்ப ஏறத் தகுந்தவை சிலவே: கொலு பொம்மைகள், கொலுப்படி, பெரிய தாம்பாளங்கள், ஊரிலிருந்து ஆள்கள் வந்தால் விரிக்கும் ஜமக்காளம், தலையணை. மண்பொம்மைகளைப் பழைய மல்துணியில் சுற்றிய பிறகே செய்தித்தாளில் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் அச்சு மை முகத்தில் ஒட்டும். பிளாஸ்டிக் தாளில் சுற்றினால் பரணின் சூட்டில் வர்ணம் அதில் ஒட்டிக்கொண்டு உரியும். தசாவதாரம், கல்யாண செட், செட்டியார் கடை என்று ஒவ்வொரு செட்டும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும். மேல்படியில் வைப்பவற்றைக் கடைசியாக ஏற்றினால் புரட்டாசியில் அவையே முதலில் கைக்கு வரும். அட்டைப்பெட்டிகளைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்தால் கரையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

இனி வருபவை

ஒழித்த வீடு மீண்டும் நிறைவது ஆடித் தள்ளுபடியிலும் விசேஷ வீட்டுப் பரிசுகளிலும்தான். வந்த பரிசை அன்றே பிரித்து, நமக்கா பிறருக்கா என்று அன்றே முடிவுசெய்துவிட வேண்டும். ‘அப்புறம் பார்ப்போம்’ என்று சொன்ன சுவர்க்கடிகாரங்கள் என்னிடமே ஒரு காலத்தில் ஐந்து இருந்தன. புதிய பக்கெட் வாங்கினால் பழைய பக்கெட் வெளியே போக வேண்டும் என்பதை மட்டும் எங்கள் வீட்டில் கறாராக வைத்திருக்கிறோம். செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆகும் என்று அப்பா ஒன்றை மட்டும் காப்பாற்றிவிட்டார்; அதை ஒப்புக்கொண்டுவிட்டேன்.

பரணில் ஏற்றிய பெட்டிகளுக்கு எண் போட்டு, எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்ற பட்டியலைப் பரண் கதவின் உட்புறத்தில் ஒட்ட வேண்டும். பட்டியலைப் பேனாவால் எழுதாமல் பென்சிலால் எழுதுங்கள்; அடுத்த கார்த்திகையில் அழித்து எழுத வேண்டியிருக்கும்.